காப்பி அரைக்கும் பெட்டியை வரைந்த மகள்

அன்புள்ள ஐயா,

மகள் ஓவியமே படிப்பேன் என்கிறாள், உங்கள் அண்ணனோ நியூ ஜெர்சி வீட்டின் பேரில் கடன் வாங்கியாவது பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் சேர்த்துவிடு என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் அந்தக் கடனை வாங்காதீர்கள். மனமில்லாமல் சேர்ந்தவள் பாதியில் விட்டாலும் தவணையை நீங்கள்தான் கட்டவேண்டும், அண்ணன் கட்டமாட்டார்.

நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் நெடுநேரம் பார்த்தேன். காப்பி அரைக்கும் பழைய மரப்பெட்டியில், இழுப்பறைக் குமிழைச் சுற்றி விரல் பட்டுப் பட்டு வண்ணம் தேய்ந்த வளையத்தைக்கூட அவள் விடவில்லை. பொருளை உள்ளபடி பதிவுசெய்யும் கண் அது.

நீங்கள் வாழும் நாட்டில் அந்தக் கண்ணுக்கு அரசே சம்பளம் கொடுத்திருக்கிறது. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த ஓவியர்களைக் கொண்டு 1935 முதல் 1942 வரை ‘அமெரிக்க வடிவமைப்புத் தொகுப்பு’ என்ற பணி நடந்தது. வண்ணப் புகைப்படத்தை நம்ப முடியாத அக்காலத்தில், ஒட்டுத்துணிப் போர்வை, மண்சாடி, மர நாற்காலி, பொம்மை என்று பழைய வீடுகளில் புழங்கியவற்றை 18,000-க்கும் மேற்பட்ட நீர்வண்ணப் படங்களாக்கினார்கள். அவை இன்று வாஷிங்டனின் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளன. அப்பணியில் இருந்த லூசில் ஷாபோ, மாசசூசெட்ஸின் நியூபரிபோர்ட் தேவாலயத்துக்காக 1840-இல் செய்த காபிரியேல் தூதர் காற்றுத்திசைகாட்டியை 1939-இல் வரைந்தார். முலாம் மங்கி உலோகம் வெயிலிலும் மழையிலும் முதிர்ந்த நிறத்தை அந்தப் படத்தில் பார்க்கலாம். 1965-இல் அது கிறிஸ்துமஸ் அஞ்சல்தலையாயிற்று.

வரைந்து மட்டும் பிழைப்பது இன்று கடினம் என்பதை மறைக்கமாட்டேன். வரையத் தெரிந்து, பொருளின் வரலாறும் பராமரிப்பும் அறிந்தவருக்கு அருங்காட்சியகத்திலும் அகழாய்விலும் வேலை உண்டு; பானையோட்டின் குறுக்குவெட்டைத் தொல்லியலார் இன்றும் வரைந்தே காட்டுகிறார்கள். ஆகவே நியூ ஜெர்சியின் அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில், மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணத்தில், கலை வரலாறும் ஓவியமும் படிக்கட்டும். கோடையில் ஊர் வரலாற்றுச் சங்கத்தில் பொருள்களைப் பதிவுசெய்யட்டும். அதன்பின் டெலவேர் பல்கலைக்கழகமும் விண்டர்தூர் அருங்காட்சியகமும் 1952 முதல் சேர்ந்து நடத்தும், புழங்குபொருள்களின் வழியே மக்கள் வாழ்வை ஆராயும் பொருள்சார் பண்பாட்டு முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். தனியார் ஓவியக் கல்லூரி கேட்கும் கட்டணத்துக்கும் கடன் வேண்டாம். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

அடுத்த சந்திப்புக்கு மகளையும் அழைத்து வாருங்கள். அதற்குள் அந்த இழுப்பறையின் உட்புறத்தையும், பலகைகள் பொருந்தும் மூலையையும் அளவோடு வரைந்து வைக்கச் சொல்லுங்கள்.