நெட்வொர்க் பூட்டில் ஐபி கிடைக்கிறது, விண்டோஸ் நிறுவும் திரை வந்ததும் கிடைக்கவில்லை. டிஹெச்சிபி சர்வரில் கோளாறா?

இல்லை. கணினிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் அந்த டிஹெச்சிபி சர்வரைத் தொடாதீர்கள். அப்படி ஒரு சர்வரைப் பார்த்துக்கொள்பவன் என்பதால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதையே திரும்பப் பாருங்கள். கணினி பிஎக்ஸ்இ (நெட்வொர்க்கிலிருந்தே தொடங்கும் முறை) வழியாக பூட் ஆகிறது, ஐபி வாங்குகிறது, பூட் இமேஜ் (நிறுவலைத் தொடங்கும் சின்ன விண்டோஸ் அடங்கிய கோப்பு) முழுதாக இறங்குகிறது, அதற்குப் பிறகுதான் "டிஹெச்சிபி சர்வரிடமிருந்து ஐபி பெற முடியவில்லை" என்று நிற்கிறது. ஒரு நிமிடம் முன்பு அதே கேபிளில் ஐபி கொடுத்த சர்வர் இப்போது மட்டும் ஏன் கொடுக்காது?

பிஎக்ஸ்இ கட்டத்தில் நெட்வொர்க் கார்டை இயக்குவது அந்தக் கார்டின் ஃபர்ம்வேரில் (அதிலேயே பதித்த மென்பொருளில்) இருக்கும் சின்ன டிரைவர். பூட் இமேஜில் இருக்கும் அந்தச் சின்ன விண்டோஸ், அதாவது விண்டோஸ் பிஇ, நினைவகத்தில் ஏறியதும் அந்த டிரைவரின் வேலை முடிந்தது. மணமகனை வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போகும் வண்டிக்காரர் மாதிரி, உள்ளே வர மாட்டார். அதற்கப்புறம் பூட் இமேஜுக்குள் அந்தக் கார்டுக்கான விண்டோஸ் டிரைவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் விண்டோஸுக்கு அப்படி ஒரு கார்டு இருப்பதே தெரியாது. ஆனால் திரையில் வருவது என்னவோ டிஹெச்சிபியின் பெயர்தான். இந்த ஒரு வாசகத்தால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை புதுக் கணினிகள் வந்து இறங்கின. பழைய கணினிகளின் அதே மாடல், அதே பெயர், அதே பெட்டி. பழையவை எல்லாம் நெட்வொர்க் வழியாக நிறுவப்பட்டவைதான், புதியவை மட்டும் நின்றன. நிறுவும் குழு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மேலாளர்கள் எல்லோரையும் சேர்த்து "டிஹெச்சிபி வேலை செய்யவில்லை" என்று மெயில் போட்டுவிட்டது. நான் சர்வர் பதிவை எடுத்துக் காட்டினேன்: அந்த மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஐபி கொடுத்தாயிற்று. நம்பவில்லை. சுவிட்சில் போர்ட் மிரர் போட்டு, அந்தக் கணினியின் போக்குவரத்தை இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுத்து, பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கில் பிடித்தேன். டிஹெச்சிபியின் நான்கு பாக்கெட்டுகளும் ஒழுங்காகப் போய் வந்தன, டிஎஃப்டிபியில் (பூட் கோப்புகளை இறக்கும் எளிய முறை) கோப்பு இறங்கியது, அப்புறம் அந்தக் கணினியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கேட்காதவனுக்கு சர்வர் எப்படிக் கொடுக்கும்?

அந்தத் திரையிலேயே ஷிப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்தினேன். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை வந்தது. கார்டுகளையும் அவற்றின் ஐபியையும் காட்டும் ஐபிகான்ஃபிக் என்று அடித்தால் தலைப்பு மட்டும் வந்தது, அதன் கீழே ஒன்றுமே இல்லை. நீங்களும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். தலைப்புக்குக் கீழே கார்டே காட்டவில்லை என்றால் டிரைவர் இல்லை, விஷயம் முடிந்தது. கார்டு காட்டி, 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால் டிரைவர் ஏறிவிட்டது, பதில்தான் வரவில்லை. அப்போது சுவிட்சைப் பாருங்கள். டிரைவர் ஏறும்போது இணைப்பு ஒரு முறை அறுந்து திரும்ப வரும். நெட்வொர்க்கில் வளையம் உருவாகாமல் சுவிட்ச் பார்த்துக்கொள்ளும் ஸ்பானிங் ட்ரீ பழைய வழக்கப்படி அந்தப் போர்ட்டை 30 விநாடி காக்க வைக்கும். அதற்குள் நிறுவும் நிரல் பொறுமை இழந்துவிடும். கணினி இணைந்த போர்ட்டில் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போட்டால் தீரும். (சரி, இது நெட்வொர்க்காரன் தவறுதான் என்று யாராவது எழுதும் முன் நானே சொல்லிவிட்டேன்.)

எங்கள் கதைக்கு வருகிறேன். ஒரு கணினியை லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து உள்ளே இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ அடித்துப் பார்த்தால் விற்பனையாளர் எண் (சிப் தயாரித்தவரைக் குறிப்பது) 10இசி, சாதன எண் 8125. அதாவது ரியல்டெக்கின் 2.5 கிகாபிட் சிப். பழைய கணினிகளில் இருந்தது 8168. பெட்டியின் மேல் மாடல் பெயர் மாறவில்லை, உள்ளே சிப் மாறியிருக்கிறது. எங்கள் பூட் இமேஜ் பழையது, அதற்கு 8125 யாரென்று தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. கணினி விற்பவர்கள் உள்ளே இருப்பதை மாற்றினால் பெயரில் ஓர் எழுத்தாவது மாற்றக் கூடாதா? டிரைவர் கேட்டால், வேண்டியது சில சின்னக் கோப்புகள்தான், கொடுப்பது ஒரு பெரிய எக்ஸ்இ. கூடவே யாரும் கேட்காத கண்ட்ரோல் பேனல், அப்டேட் செயலி. அதைப் பிரித்து உள்ளே இருக்கும் ஐஎன்எஃப், சிஸ், கேட் கோப்புகளை எடுப்பதற்குள் பாதிப் பொழுது போய்விடும். பூட் இமேஜுக்கு அந்த எக்ஸ்இ எதற்கும் உதவாது.

கோப்புகள் கிடைத்ததும் பென்டிரைவில் போட்டு, அதே கறுப்புத் திரையில் டிரைவரை ஏற்றும் டிஆர்வி-லோட் கட்டளைக்கு ஐஎன்எஃப் கோப்பின் பாதையைக் கொடுங்கள். பிறகு டபிள்யூபிஇ-யுட்டில் கட்டளை கொண்டு நெட்வொர்க்கைத் தொடங்கி, மறுபடி ஐபிகான்ஃபிக். முகவரி வந்தால் சரியான டிரைவர் அதுதான். அதன் பிறகே இமேஜைத் திருத்தும் கருவியான டிஸ்ம் கொண்டு பூட் டாட் விம் கோப்பை, அதாவது பூட் இமேஜைத் திறந்து நிரந்தரமாகச் சேருங்கள். அதில் இரண்டு இமேஜ்கள் இருக்கும், நிறுவும் திரை ஓடுவது இரண்டாவதில். முதலாவதில் மட்டும் சேர்த்துவிட்டு "சேர்த்தேன், பயனில்லை" என்று சொல்பவர்கள் நிறைய. பூட் இமேஜ் 64 பிட் என்றால் டிரைவரும் 64 பிட்டாக இருக்க வேண்டும். மாற்றிய கோப்பை சர்வரில் பழைய பூட் இமேஜுக்குப் பதிலாக வைக்க மறக்காதீர்கள்.

இன்னொன்று, நிறுவப்படும் விண்டோஸ் வேறு இமேஜ். அந்த இமேஜான இன்ஸ்டால் டாட் விம்மிலும் டிரைவர் சேர்க்காவிட்டால் எல்லாம் முடிந்து முதல் முறை உள்ளே போகும்போது மறுபடி நெட்வொர்க் இருக்காது. அப்போதும் மெயில் எனக்குத்தான் வரும்.

"இந்தக் காலத்தில் யார் இப்படி நிறுவுகிறார்கள், எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டது" என்பவர்களுக்கு: தெரியும். விண்டோஸ் 11 டிவிடியின் பூட் இமேஜை நேரடியாக, நெட்வொர்க் வழியாக விண்டோஸ் நிறுவும் சர்வரான டபிள்யூடிஎஸ்ஸில் வைத்து நிறுவும் வழியை மைக்ரோசாஃப்டே அடைத்துவிட்டது என்பதும் தெரியும். நீங்களே தயாரித்த விண்டோஸ் பிஇ-யை அதே சர்வரிலிருந்து பூட் செய்யலாம், அதற்கும் டிரைவர் வேண்டும்.

இதையெல்லாம் செய்தும் கார்டு தெரியவில்லை என்றால் விற்பனையாளர் எண், சாதன எண் இரண்டையும் கேள்வியில் சேருங்கள். மாடல் பெயர் வேண்டாம்.