மாடிப்படிக்கும் நடைக்கும் எந்தத் தரை நாள்பட உழைக்கும்?
தரை உழைப்பது என்றால் மேற்பரப்பு தேயாமல், விளிம்பு பெயராமல் இருப்பது. நடையில் எல்லோரும் ஒரே தடத்தில்தான் நடப்போம்; வாசல் மணல் காலோடு வந்து அங்கேயே உரசும். படியில் அடி வாங்குவது முன்விளிம்பு.

சாதாரண செராமிக் டைல் கவரிங் நகை மாதிரி. நிறமெல்லாம் மேல்பூச்சில்தான், ஓரம் பெயர்ந்தால் உள்ளே இருக்கும் மண் நிறம் பல்லிளிக்கும். கிரானைட் மேலிருந்து கீழ்வரை ஒரே கல், விளிம்பையும் உருட்டித் தேய்த்துக்கொள்ளலாம். படிக்கு என் ஓட்டு அதற்குத்தான். நடைக்கு ஃபுல் பாடி விட்ரிஃபைடு டைல், அதாவது மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமாக இருக்கும் கெட்டியான டைல், போதும். மார்பிள் அழகுதான், ஆனால் சீக்கிரம் கீறல் விழும்.

கிரானைட் வழுக்கும் என்று பலர் ஒதுக்குகிறார்கள். வழுக்குவது அதன் பாலிஷ்தான், படிக்கு லெதர் ஃபினிஷ் (தோல் மாதிரி லேசான சொரசொரப்பு உள்ள மேற்பரப்பு) கேளுங்கள், இல்லையென்றால் விளிம்போரம் இரண்டு கோடு வெட்டச் சொல்லுங்கள்.