முள் ஆடினால் மீட்டர் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை

செம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாமனாரின் ஜோர்க்கி-4 என்ற பழைய ரஷ்ய ஃபிலிம் கேமரா அவர் கைக்கு வந்திருக்கிறது. ஷட்டர் நன்றாக ஓடுகிறது, ஆனால் வெளிச்சத்தை அளந்து சொல்லும் மீட்டர் கேமராவில் கிடையாது. ஃபோர்ட் போரா பஜாரில் ஒருவர் கேமராவின் மேல் செருகும் பழைய லைக்காமீட்டர் எம்ஆர் என்ற மீட்டர் ஒன்றை 9,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறாராம். "ஃபுல் ஒர்க்கிங், மேலே செருகினால் போதும்" என்பது அவர் வாக்கு. அதை வாங்குவதா, இப்போது புதிதாக வரும் சின்ன மீட்டர்களில் ஒன்றை வாங்குவதா என்று கேட்கிறார்.

லைக்காமீட்டரை வாங்காதீர்கள். அது நல்ல பொருள்தான், ஆனால் உங்கள் கேமராவுக்கு உரியது அல்ல. லைக்கா எம் வரிசைக் கேமராவில் ஷட்டர் வேகத்தை மாற்றும் சக்கரத்தோடு கோத்துக்கொண்டு சேர்ந்து சுழல்வதற்கென்றே அதைச் செய்தார்கள். ஜோர்க்கியின் சக்கரத்தில் அதற்கான காடி இல்லை. இது விற்கிறவருக்குத் தெரியாமல் இருக்காது. "ரஷ்யன் கேமராவும் லைக்கா காப்பிதானே மேடம்" என்று சமாளிப்பார்.

பேட்டரி இன்னொரு தொல்லை. அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்த மீட்டர். அந்த பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. கடைக்காரர் போட்டுக் காட்டுவது அதே அளவிலுள்ள 1.5 வோல்ட் ஆல்கலைன். வோல்டேஜ் கூடினால் முள் கூடுதலாக ஏறும், மீட்டர் இருக்கிற வெளிச்சத்தைவிட அதிகமாகச் சொல்லும், படம் இருண்டு வரும். பேட்டரி தேயத் தேய அந்தப் பிழையின் அளவும் மாறிக்கொண்டே போகும். இவ்வளவு கழித்துக்கொள்ளலாம் என்று கணக்கு வைக்கவும் முடியாது. காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் பேட்டரி, நீல ஒட்டு ஒட்டியது, ஏறக்குறைய 1.4 வோல்ட் தரும். ஒரு வளையம் போட்டு அதைப் பொருத்துகிறவர்கள் உண்டு. ஒட்டைப் பிரித்துவிட்டால் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ தீர்ந்துபோகும்.

இந்த "ஃபுல் ஒர்க்கிங்" என்ற சொல்லைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. மீட்டரைக் கடை ட்யூப்லைட்டைப் பார்த்துத் திருப்புவார்கள், முள் எழும்பும், விலை சொல்வார்கள். கல் வைத்தால் ஆடுகிற தராசெல்லாம் சரியான தராசு ஆகிவிடுமா? சோர் பஜாரிலும் இதே நாடகம்தான். சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மேகமில்லாத நாளில் நண்பகல் வாக்கில் போங்கள். மீட்டரில் ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளி உணர்திறன்) 100 வையுங்கள். வெயில் நேராக விழும் சாம்பல் நிறச் சாலையை நோக்கிப் பிடியுங்கள், வானம் உள்ளே வரக்கூடாது. 1/125 வினாடி ஷட்டர் வேகத்துக்கு லென்ஸ் துளையின் அளவு எஃப்16 அல்லது அதை ஒட்டி வர வேண்டும். அப்புறம் கடைக்குள் நிழலான மூலை ஒன்றைக் காட்டி, கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் மீட்டர் செயலியோடு ஒப்பிடுங்கள். வெயிலில் சரியாகச் சொல்லிவிட்டு நிழலில் பொய் சொல்லும் மீட்டர்கள் ஏராளம். வெளியே கொண்டுபோய்ப் பார்க்க விடாத கடையில் வாங்கவே வேண்டாம்.

பழையதே கூடாதா என்றால், ஒரு விதிவிலக்கு உண்டு: பேட்டரியே வேண்டாத செலினியம் மீட்டர். வெளிச்சம் பட்டால் அதிலுள்ள செலினியம் செல்லே மின்சாரம் தரும். ஆனால் ஈரம் அதற்கு எமன், நாமோ மும்பையில் இருக்கிறோம். தோல் உறையிலேயே இருந்தது, செல்லின் கண்ணாடிக்குள் பூஞ்சையோ கருப்புத் திட்டோ இல்லை, மேலே சொன்ன இரண்டு சோதனையிலும் தேறியது, விலையும் குறைவு. இத்தனையும் ஒன்றாக அமைந்தால் வாங்கலாம். அப்போதும் வீட்டுக்குள், மாலை வெளிச்சத்தில், அது பெரிதாக உதவாது. செல் செத்துவிட்டால் மாற்றித் தருவேன் என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம்.

ஆகவே புதியதையே வாங்குங்கள். ஃபோக்ட்லேண்டர் விசி மீட்டர், டிடிஆர்டிசன், இப்படிச் சில இருக்கின்றன. எல்லாவற்றிலும் சிலிக்கான் உணரிதான், துல்லியத்தில் உங்களுக்குத் தெரிகிற அளவு வித்தியாசம் இராது. பெயரைப் பார்க்காமல் அகலத்தைப் பாருங்கள். ஜோர்க்கியில் ஷட்டரை அழுத்தும்போது வேகச் சக்கரமும் கூடவே சுற்றும். கேமராவின் மேலே துணைக்கருவி செருகும் பிடியான ஷூவில் செருகிய மீட்டரின் ஓரம் அதன்மேல் உரசினால் வேகம் கெடும், மீட்டர் சரியாகச் சொல்லியும் படம் தப்பாக வரும். சக்கரத்தைத் தூக்கித் திருப்ப விரலுக்கும் இடம் வேண்டும். ஃபிலிமை அடுத்த படத்துக்கு நகர்த்திய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன். கேமராவைக் கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள். ஷூவில் தளர்வாக இருந்தால் அடியில் மெல்லிய டேப் ஒட்டினால் போதும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மலிவு என்று நண்பர்கள் சொல்வார்கள். சுங்கத் தீர்வை, அதன்மேல் ஐஜிஎஸ்டி வரி, அதற்கும் மேல் கூரியர்காரரின் கையாள்கைக் கட்டணம். தீப்பெட்டி அளவுள்ள பொருளுக்கு ஆதாரம் கேட்டு, விலைப்பட்டியல் கேட்டு, இது என்ன கருவி என்று விளக்கம் கேட்டு இழுத்தடிப்பார்கள். நீங்கள் விளக்கி முடிப்பதற்குள் மழைக்காலம் வந்துவிடும். இங்கே பில்லோடு கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தே வாங்குங்கள். எப்படியும் வெளியிலிருந்துதான் என்றால் பேட்டரி இல்லாமல் அனுப்பச் சொல்லுங்கள். சிஆர்2032 போடும் மீட்டர் என்றால் அந்த பேட்டரி மாட்டுங்காவில் எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

அவசரமில்லை என்றால் முதல் ரோலைக் கைபேசிச் செயலியை வைத்தே எடுத்து முடியுங்கள். கலர் நெகட்டிவ் ஃபிலிம் ஓரிரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) அதிக வெளிச்சத்தைத் தாங்கும், குறைவைத்தான் தாங்காது. சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் கூட்டியே எடுங்கள். மரைன் டிரைவ் மாதிரி வானமும் கடலும் பளபளக்கிற இடத்தில் மீட்டரைச் சற்றே தரை பக்கம் சாய்த்துப் படியுங்கள், இல்லாவிட்டால் முன்னால் நிற்கிறவர் முகம் கருத்துப்போகும். கேமராவை அலமாரியில் வைக்கும்போது மீட்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.