ஹார்மோன் மாத்திரை போட்டதும் மகளுக்கு மாதவிடாய் வந்துவிட்டது. எலும்பைப் பற்றி இனிக் கவலை வேண்டாமா?

கேட்டவர் சொன்ன விவரம்: மகளுக்கு 17 வயது. குண்டாகிவிடுவோம் என்ற பயத்தில் ஒரு வருடமாகச் சாப்பாட்டைக் குறைத்து மிகவும் மெலிந்துவிட்டாள். எட்டு மாதம் மாதவிடாய் இல்லை. மாத்திரை கொடுத்ததும் வந்தது. கால்சியமும் கொடுக்கிறார்கள்.

கவலைப்படத்தான் வேண்டும். மாத்திரையை நிறுத்தும் நாட்களில் வரும் உதிரப்போக்கு அந்த மாத்திரையின் விளைவு. சினைப்பை தானாக வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

உணவு போதாமல் போகும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் சினைப்பைக்கு அனுப்பும் சமிக்ஞையைக் குறைத்துவிடும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சரிகிறது, எலும்பைக் கரைக்கும் செல்களைக் கட்டுக்குள் வைப்பது அதுதான். கூடவே எலும்பைக் கட்டும் செல்களைத் தூண்டும் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோனும் குறைகிறது. உடம்பு நெருக்கடியில் சுரக்கும், எலும்புக்குக் கெடுதலான கார்டிசால் ஹார்மோன் ஏறுகிறது. ஆக, கரைவது கூடி, கட்டுவதும் குறைகிறது. பெண்களுக்கு உச்ச எலும்பு அடர்த்தியில் ஏறக்குறைய 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடும். அப்படிச் சேர வேண்டிய காலத்தில்தான் இந்த இழப்பு நடக்கிறது.

இப்படி மாதவிடாய் வரவைக்கக் கொடுக்கும் சாதாரணக் கருத்தடை மாத்திரை எலும்பைக் காப்பாற்றாது என்று ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. வாய்வழி எடுக்கும் ஈஸ்ட்ரோஜன் கல்லீரல் வழியாகப் போகும்போது, ஏற்கெனவே குறைந்திருக்கும் ஐஜிஎஃப்-1ஐ இன்னும் குறைக்கும். தோலில் ஒட்டும் எஸ்ட்ரடயால் (ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகை) பட்டை, சுழற்சி முறையில் புரோஜெஸ்டிரோன் மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டபோது இந்த வயதுப் பெண்களின் அடர்த்தி கூடியது. ஆனால் முதல் சிகிச்சை உணவும் எடையும்தான். 6 முதல் 12 மாதம் அதில் முயன்றும் மாதவிடாய் தானாக வராவிட்டால், பட்டையைப் பற்றி ஹார்மோன் நிபுணரிடம் கேளுங்கள்.

நம் ஊரில் மாதவிடாய் தள்ளிப்போனாலே பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) என்று சொல்லிவிடுகிறார்கள். பட்டினியால் மாதவிடாய் நின்றவர்களுக்கும் ஸ்கேனில் சினைப்பையில் நிறைய சிறு நுண்பைகள் தெரியலாம். அதைப் பார்த்து "எடையைக் குறை" என்று யாராவது சொன்னால், தயவுசெய்து இந்தப் பெண் எவ்வளவு மெலிந்தாள் என்பதை அவரிடம் முதலில் சொல்லுங்கள்.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் கணிசமான இழப்பு ஏற்பட்ட பிறகுதான் தெரியும். இந்த வயதில் இடுப்புப் பகுதி முதுகெலும்பையும், தலை நீங்கலான முழு உடலையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அறிக்கையில் டி-ஸ்கோர் இருந்தால் விட்டுவிடுங்கள். அது இளம் வயது வந்தவர்களோடு ஒப்பிடுவது. அதே வயதினரோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோரைப் பாருங்கள். மைனஸ் 2 அல்லது அதற்குக் கீழ் என்றால் வயதுக்குரிய அளவைவிடக் குறைவு. பெண் குள்ளமாக இருந்தால் உயரத்துக்கேற்பத் திருத்திக் கணக்கிடச் சொல்லுங்கள். ஒரு வருடம் கழித்து, முடிந்தால் அதே இயந்திரத்தில், மறுபடி எடுக்கலாம்.

கால்சியம் வேண்டும்தான், உணவையும் சேர்த்து நாளுக்கு சுமார் 1000 மில்லிகிராம். 200 மில்லி பாலில் ஏறக்குறைய 240, 60 கிராம் கேழ்வரகு மாவில் 200க்கு மேல். கால்சியம் கார்பனேட் மாத்திரை என்றால் சாப்பாட்டோடு, ஒரு வேளைக்கு 500க்கு மிகாமல் கொடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்க்காதீர்கள். வைட்டமின் டி அளவையும் பாருங்கள். ஆனால் ஆற்றல் போதாத உடம்பில் எவ்வளவு கால்சியம் போட்டாலும் எலும்பு கட்டப்படாது. தண்ணீராகக் கரைத்த ராகிக் கஞ்சி வயிற்றை நிரப்பும், எடையை ஏற்றாது. பால் விட்டுக் கெட்டியாகக் காய்ச்சி, வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத்தையே பாதிக்கலாம். அதனால் தொடக்கத்திலேயே பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம், ஈசிஜி பார்த்துவிட்டு, மருத்துவர் சொல்லும் வேகத்தில் ஏற்றுங்கள். பகலில் நாடித்துடிப்பு 50க்குக் கீழ், மயக்கம் என்றால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஓட்டம், ஸ்கிப்பிங் எல்லாம் எடை தேறும்வரை நிறுத்த வேண்டும். எலும்புக்கு நல்லது என்று சொல்லி ஓடுவார்கள். இந்த நிலையில் அது எலும்பில் நுண்முறிவில் (மெல்லிய விரிசலில்) முடியலாம். முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கம், பாத மேற்பகுதி, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் ஊன்றும்போது வலித்தால் எலும்பு மருத்துவரிடம் போங்கள். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கலாம், எம்ஆர்ஐ தேவைப்படும். தொடையிடுக்கு வலியைத் தள்ளிப்போடவே கூடாது.

எடை மீண்டு மாதவிடாய் தானாக வந்தால் அடர்த்தி மெல்ல ஏறும். சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். அதனால்தான் காத்திருக்க வேண்டாம் என்கிறேன். சாப்பிட மறுப்பது பிடிவாதம் இல்லை, நோய். மனநல மருத்துவர், உணவியல் நிபுணர் இருவரும் வேண்டும்; ஒவ்வொரு வேளையும் பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைப்பதும் சிகிச்சையின் பகுதி. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குத் தமிழிலேயே பேசலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை போகும்போது, "மாத்திரை இல்லாமல் மாதவிடாய் வருகிறதா என்று எப்போது பார்க்கலாம்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.