பிட்ஸ்பர்க்கில் வெளியே வீடு எடுத்தால் என்ன கவனிக்க வேண்டும்?

"பிட்ஸ்பர்க்கில் எம்.எஸ். படிக்கப் போகிறேன், வளாகத்துக்கு வெளியே நண்பர்களோடு வீடு எடுக்கலாமா, எதைக் கவனிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுக்கலாம். விசா கைக்கு வருவதற்கு முன்பே வாட்ஸாப் குழுவில் மூன்று பேரைப் பிடித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பேசி முடித்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். ஸ்குவிரல் ஹில் என்ற பகுதிப் பக்கம் கிடைத்தால் விட வேண்டாம். 61சி, 61டி பஸ் இரண்டும் மரே அவென்யூ வழியாக, பல்கலைக்கழகங்கள் இருக்கும் ஓக்லாண்டுக்குப் போகும். கார்னகி மெலன், பிட் (பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம்) இரண்டிலும் மாணவர் அட்டை இருந்தால் பஸ்ஸுக்குக் காசு கிடையாது.

மளிகைக் கடை, பனிக்கால ஜாக்கெட் பற்றியெல்லாம் வேறு யாராவது விரிவாகச் சொல்வார்கள். நான் எழுத உட்கார்ந்தது அட்வான்ஸுக்காக.

2016 ஆகஸ்டில் நாங்கள் நான்கு பேர் ஒரு வீடு எடுத்தோம். வாடகை 1,600 டாலர். எங்கள் யாருக்கும் கிரெடிட் ஸ்கோர் என்று ஒன்று இல்லாததால் ஹவுஸ் ஓனர் இரண்டு மாத வாடகையை, அதாவது 3,200 டாலரை அட்வான்ஸாகக் கேட்டார். பிட்ஸ்பர்க் இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் முதல் வருடம் அதற்கு மேல் வாங்கக் கூடாது என்பது அன்றைக்குத் தெரியாது. (அங்கே லீஸ் என்றால், மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் இருக்கும் நம்மூர் லீஸ் இல்லை, வெறும் வாடகை ஒப்பந்தம்தான். அது தெரியாமல் என் அப்பா வாடகை மிச்சம் என்று ஒரு நாள் முழுக்க சந்தோஷமாக இருந்தார்.)

2017 ஜூலை 31 அன்று காலி செய்தோம். மற்ற மூவரும் வேலை கிடைத்து சான் ஹோசே, ஆஸ்டின், சியாட்டில் என்று பிரிந்துவிட்டார்கள். நான் மட்டும் அதே ஊரில் வேறு வீட்டுக்கு மாறினேன். செப்டம்பர் 10 அன்று ஓனரிடமிருந்து மின்னஞ்சல். சமையல் வாசனை போக வெள்ளையடித்தது 900, சமையலறைக் கவுன்டர் மாற்றியது 1,100, சுத்தம் செய்தது 400. மீதி 800 அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார்.

கவுன்டர் கறை உண்மைதான், மறைக்கவில்லை. வெள்ளைக் கவுன்டரில் மஞ்சள்பொடி டப்பா கவிழ்ந்து, யாரும் ஒரு வாரம் துடைக்காமல், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் வட்டம் விழுந்துவிட்டது. பேக்கிங் சோடா, எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்த்தோம். அம்மாவிடம் கேட்டால் "வெயில்ல வைடா, போயிடும்" என்றாள். துணி என்றால் வைக்கலாம். கவுன்டரை எங்கே தூக்கிக்கொண்டு போவது? பிட்ஸ்பர்க்கில் வெயிலுக்குத்தான் எங்கே போவது?

ஆனால் அந்த வாசனைக் கணக்கு சுருக்கென்றது. ஓனரின் சுருட்டு நாற்றத்தை நாங்கள் படிக்கட்டில் ஒரு வருடம் சுவாசித்தோம், அதற்கு யாரும் பில் போடவில்லை. இருந்தும் முதலில் நான் வாயைத் திறக்கவில்லை. சென்னையில் வீடு காலி செய்தால் வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவன். தவிர, கேஸ் அது இது என்று போனால் விசாவில் கை வைத்துவிடுவார்களோ என்ற பயம். உங்களுக்கும் அந்தப் பயம் இருக்கும். வாடகைத் தகராறுக்கும் விசாவுக்கும் சம்பந்தம் கிடையாது.

மாணவர்களுக்கான இலவச ஆலோசனையில் ஒரு வழக்கறிஞர் அம்மா அரை மணி நேரம் பேசினார். கறையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. கேட்டது இரண்டே கேள்வி. சாவியை என்றைக்குக் கொடுத்தீர்கள்? புது முகவரியை எழுத்தில் கொடுத்தீர்களா? அந்த மாநிலச் சட்டப்படி, காலி செய்த 30 நாளுக்குள் ஓனர் சேதப் பட்டியலை எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் ஒரு டாலர்கூடப் பிடிக்கும் உரிமை அவருக்கு இல்லை. பணத்தைக் கொடுக்காமல் இழுத்தடித்தால் இரண்டு மடங்குகூடக் கேட்கலாம். ஆனால் நாம் முகவரியை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். எங்களுக்குப் பட்டியல் வந்தது 41ஆவது நாள். முகவரி? நல்லவேளையாக, ஒரு பார்சலைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஜூலையில் நான் போட்ட மின்னஞ்சலில் அது இருந்தது.

சட்டத்தைச் சொல்லி ஒரு பக்கக் கடிதம் எழுதி, தபால் நிலையத்தில் சர்டிஃபைட் மெயிலாக அனுப்பினேன். பெற்றுக்கொண்டவர் கையெழுத்தோடு ஒரு பச்சை அட்டை திரும்பி வரும். அமெரிக்காவில் எனக்குக் கிடைத்த ஒரே கிரீன் கார்டு அதுதான்.

"இரண்டு மடங்கு கேட்டிருக்கலாமே" என்று யாராவது பின்னூட்டத்தில் வருவார்கள். வேலை தேடும் காலம் ஐயா, ஓ.பி.டி.யில், அதாவது படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கக் கிடைக்கும் அனுமதியில், வேலையில்லாமல் 90 நாளுக்கு மேல் இருக்க முடியாது, கோர்ட்டுக்கு நடக்க எங்கே நேரம்? நான் வக்கீலும் இல்லை. வேறு மாநிலம் என்றால் நாள் கணக்கு வேறு. ஒரு ஓனரை வைத்து எல்லா அமெரிக்கர்களையும் சொல்கிறேன் என்றும் நினைக்க வேண்டாம். அதே வருடம் ஊருக்கு வந்தபோது பெரியப்பா மகனுக்கு 900 டாலருக்கு லேப்டாப் வாங்கி வந்தேன். பணத்தைக் கேட்டதற்கு, "டாலர்ல சம்பாதிக்கிறவன் கணக்குப் பார்க்கிறான் பாரு" என்று கல்யாண வீட்டில் சிரித்தார்கள். அப்போது நான் கடனில் படித்துக்கொண்டிருந்தவன். அந்தப் பணத்துக்கு எந்தத் தபாலை அனுப்புவது? சரி, அதை விடுங்கள்.

பத்து நாளில் செக் வந்தது, முழு 3,200க்கு. ஆனால் நான்கு பேர் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தார். நான்கு பேரும் பின்னால் கையெழுத்துப் போட்டால்தான் எடுத்துக்கொள்வோம் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். செக் ஆஸ்டின் போய், சான் ஹோசே போய், சியாட்டிலில் ஒருவன் மேஜையில் இரண்டு வாரம் தூங்கி, ஓரமெல்லாம் மடங்கித் திரும்பி வந்தது.

அதனால் காலி செய்யும் அன்றே புது முகவரியைக் கடிதமாகக் கொடுத்துவிடுங்கள். செக்கை யார் பெயருக்குப் போட வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதி நான்கு பேரும் கையெழுத்துப் போடுங்கள். மஞ்சள்பொடி டப்பாவுக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள்.