கேளுங்கள், சொல்கிறோம்

ஐஸ் ஹாக்கியில் ஆடி முடித்தவர் உடனே கோச் ஆகிவிடலாமா? லடாக் ஆட்டங்களைப் பார்த்ததிலிருந்து என் மகன் இதே நினைப்பாக இருக்கிறான்.
– ஒரு வாசகி, மயூர் விஹார், டெல்லி

உடனே எல்லாம் ஆக முடியாதுங்க. கனடாவின் ராட் பிரிண்டமோர் கதையைச் சொல்லுங்கள் பையனிடம். 2006-இல் அமெரிக்க அணியான கரோலினா ஹரிகேன்ஸ், வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அவர்தான் கேப்டன், லீக் தலைவர் பேசி முடிப்பதற்குள் கோப்பையைத் தூக்கிவிட்ட ஆள் (அவ்வளவு அவசரம்!). ஆனால் 2010-இல் ஓய்வு பெற்றதும் அந்த அவசரமெல்லாம் எங்கே போனதோ, அதே அணியில் ஏழு வருடம் உதவிக் கோச்சாகவே இருந்தார். 2018-இல்தான் தலைமைக் கோச். ஒன்பது சீசனாக பிளேஆஃப் (லீக் ஆட்டங்களுக்குப் பிறகு வரும் நாக்அவுட் சுற்று) பக்கமே போகாத அணி, அவர் வந்த முதல் சீசனிலேயே அரையிறுதி வரை போனது. 2021-இல் சிறந்த கோச் விருது.

இதில் கஷ்டம் என்னவென்றால், ஒருவர் பனியில் ஒரு தடவைக்கு முக்கால் நிமிடம்தான் ஆடுவார், அதற்குள் அடுத்து யாரை இறக்குவது என்று கோச் முடிவு செய்தாக வேண்டும். சரி, பையன் முதலில் விழாமல் சறுக்கட்டும், டெல்லி வெயிலில் ரோலர் ஸ்கேட் போதும்.