சொல் தெரிகிறது, வாக்கியம் புரியவில்லை

சீனாவின் செங்டுவில் நீங்கள் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பதினொன்றாம் வகுப்புப் பையன், சொற்பட்டியல் மொத்தத்தையும் மனப்பாடம் செய்தும் தேர்வின் வாசிப்புப் பகுதியில் கடைசியாக வரும் கடினமான சி, டி பத்திகளில் கோட்டை விடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் சொல் படி என்று அவனை விரட்டாதீர்கள். எனக்கென்னவோ சிக்கல் வாக்கிய அமைப்பில்தான் என்று படுகிறது.

சீனத்தில் அடைமொழி முழுவதும் பெயருக்கு முன்னால் வரும், நம் 'நேற்று வாங்கிய புத்தகம்' மாதிரியேதான். ஆங்கிலத்தில் 'தி புக் தட் ஐ பாட் எஸ்டர்டே' என்று பின்னால் தொங்கும். அது நீண்டால் முதன்மை வினை எது என்று தெரியாமல் தடுமாறுவான். தினம் மூன்றே நீள வாக்கியங்கள் போதும்: எழுவாய்க்கும் முதன்மை வினைக்கும் அடிக்கோடு, 'தட்', 'விச்' பகுதிக்கு அடைப்புக்குறி. அப்புறம் சீனத்தில் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் சீனம் அரைகுறை என்றாலும் பரவாயில்லை, தடுக்கும் இடம் முகத்திலேயே தெரிந்துவிடும்.

சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவில், ஆங்கிலத்தின் புதிய வினாத்தாளில் 150-க்கு 50 மதிப்பெண் வாசிப்புக்கு. அதில் ஏழு வாக்கியங்களில் ஐந்தைத் தேர்ந்து பத்தியின் வெற்றிடங்களில் பொருத்தும் பகுதிக்கு மட்டும் 12.5. அங்கே 'தே', 'திஸ்' எதைச் சுட்டுகின்றன என்று பிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

கைபேசி அகராதியா? பத்தியை இரண்டு முறை படித்த பிறகு கொடுங்கள்.